சும்மாக் கூண்டு

நெல்லிவாசல்நாட்டு மலைச் சரிவில் ஆராய்ச்சி மாணவி ஷோபனா இரண்டு பிளாஸ்டிக் கூண்டுகளை நிறுத்தியிருந்தாள். ஆளுயரம், மேலே திறப்பு, உள்ளே சாமைப் பயிர். ஒன்றுக்குள் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு போகும். இன்னும் ஐம்பது வருடம் கழித்து உலகம் சுவாசிக்கப்போகும் காற்று. மற்றதில் இன்றைய காற்றுதான். அதற்குச் சும்மாக் கூண்டு என்று பெயர் வைத்தவர், அங்கே வேலை பார்க்கும் சின்னராசு. இரண்டு சாமையும் எப்படி வேறுபட்டு வளர்கின்றன என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சும்மாக் கூண்டு சும்மா இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அது சும்மா இருக்க மாட்டேன் என்றது. தினமும் நடுப்பகலில் அதற்குள்ளும் வாயு எகிறுவதாகக் காற்றை அளக்கும் கருவி காட்டியது. கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் இந்தப் பருவத்தையே தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பேராசிரியர் போனில் சொல்லிவிட்டார். ஷோபனா சிலிண்டர் கசிகிறதென்று நினைத்துத் திருப்பத்தூரிலிருந்து புதுக் குழாய் வரவழைத்து மாட்டினாள். ஒரு பயனும் இல்லை.

மதியம் ஊருக்குள் சாப்பிடப் போகிறவள், அன்று நேரில் பார்த்துவிடலாமென்று பாதி வழியில் திரும்பி வந்தாள். சும்மாக் கூண்டுக்குள் சிரிப்புச் சத்தம். சின்னராசும் அவர் மனைவி மாணிக்கம்மாளும் நடுவில் சோற்றுத் தூக்கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கருவி காற்றை இழுக்கும் குழாய் மாணிக்கம்மாளின் மூக்குக்கு நேரே இருந்தது.

"இங்க இன்னாக்கா பண்றீங்க?"

"வெளிய காத்து சோத்துல மண்ண வாரிப் போடுதும்மா. கேஸ் கூண்டுக்குள்ள போவக் கூடாதுன்னு நீதான சொன்ன? அதான் இதுக்குள்ள வந்தோம்."

சொன்னது உண்மைதான். இந்தக் கூண்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொங்கி வந்த கோபம் பாதியிலேயே அடங்கியது.

"நாம வுடுற மூச்சுலயும் அந்த கேஸ்தான்க்கா இருக்குது. நீங்க பேசப் பேச மிசின்ல ஏறுது."

மாணிக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னராசு தலையைச் சொறிந்தார்.

"வூடு நெறைய ஆளுங்க மேடம். இவகிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேச முடியல. இங்கதான்..."

கருவி எகிறிய உயரம் ஷோபனாவுக்கு நினைவு வந்தது. அவ்வளவும் இவர்கள் வீட்டில் பேச முடியாத பேச்சு. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் நடுப்பகலில் கருவி அசையவில்லை. அந்த மதிய நேரக் கணக்கை மட்டும் விட்டுவிட்டால் போதும், பருவம் பிழைத்தது என்றார் பேராசிரியர். ஷோபனாவுக்கு நிம்மதியாக இருந்தது. கூண்டைவிட்டு வெளியே வந்து பார்த்தாள். புளியமரத்தடியில் இருவரும் காற்றுக்கு முதுகைக் காட்டி, சோற்றைச் சேலையால் மூடி, அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லை.

அவள் மிச்சமிருந்த கம்பிகளையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் இழுத்து வந்தாள்.

"அண்ணா, இந்தப் பக்கம் புடிங்க."

சாயங்காலத்துக்குள் மரத்தடியில் மூன்றாவது கூண்டு நின்றது.

"இதுல இன்னா பயிரு வெக்கப்போறம்மா?" என்றாள் மாணிக்கம்மாள்.

"ஒண்ணும் வெக்கலக்கா. நீங்க பேசுங்க."

அந்தக் கூண்டுக்கு மட்டும் அவள் கருவி வைக்கவில்லை.