தொப்பூர் வளைவில் நின்ற கார்

என் கம்ப்யூட்டரைப் பொம்மை என்று சொன்னதற்காக என் கொழுந்தனார் ஞானராஜோடு நான் சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவருக்கு வேலை. ஈஸ்டருக்கு இண்டூர் வந்தவர் என் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்மை நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணி. ஆனா பெரிய ஆட்டமெல்லாம் இதுல ஓடாதுங்க" என்றார். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது.

அந்தப் பொம்மையை நான் கடையில் வாங்கவில்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவள் நான். தருமபுரியில் டி.வி. ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பெங்களூர் பாசஞ்சர் ஏறிப் போய் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி வந்து, கடலைக்காய் மூட்டை அடுக்கும் அறையில் உட்கார்ந்து என் கையால் பற்றவைத்தது. எனக்குத் தெரிந்து அந்த 1988-இல் எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொன்று கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

வீட்டில் இருந்த ஒரே டி.வி., என் சீரோடு வந்த சின்ன கறுப்பு வெள்ளை டி.வி. அதையும் கூடத்திலிருந்து தூக்கி வந்து மிஷினோடு இணைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க மூட்டை மேல் ஏறி உட்கார வேண்டியிருந்ததில் மாமியார் ரோசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் கறாராகச் சொன்னார்.

"ஏம்மா மேரி, மாதா தேருக்கு சொந்தமெல்லாம் வருது. அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி ஒரு ஆட்டம் முழுசா ஓடட்டும், நான் வாயத் தொறக்கல. ஓடலீன்னா டி.வி. கூடத்துக்கு வந்துரணும், இந்தப் பொட்டி பரண் மேல போயிரணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தை" என்றேன். வாய் என்னுடையது, வேறு யாரைக் குறை சொல்ல?

பெரிய ஆட்டத்துக்கு மெமரி போதாது என்பது உண்மைதான். எட்டு சிப் வாங்கி வந்து, பதினாறு கே-யை நாற்பத்தெட்டு கே ஆக்கினேன். மலைப்பாதையில் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்று கேசட்டில் கிடைத்தது. அந்த வளைவுகளைப் பார்த்து என் வீட்டுக்காரர் அருள்நாதன் அதற்கு எங்கள் பக்கத்து மலைப்பாதையான தொப்பூரின் பெயரை வைத்தார். நன்றாக ஓடும். சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை வெளுத்து, கார், மலை எல்லாம் போய், மிஷின் புதிதாகப் பிறந்ததுபோல் முழிக்கும். புது சிப்புகள் மேல் சந்தேகப்பட்டேன். கழற்றி, கால்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். சூட்டில்தான் நிற்கிறதோ என்று இட்லிப் பானையின் அலுமினிய மூடியை வெட்டி, மின்சாரத்தை ஐந்து வோல்ட்டாகக் குறைக்கிற ரெகுலேட்டர் முதுகில் பெரிய தகடாகப் பொருத்தினேன். அத்தை அந்த மூடியை இன்னும் தேடிக்கொண்டிருந்தார். கார் அப்படியும் நின்றது.

தேர் நாளும் வந்தது. கறிச்சோறு முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் மூட்டைகள் மேல் ஏறிவிட்டார்கள். ஞானராஜ் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். பக்கத்தில் அவர் புது மனைவி லூர்தம்மாள், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், இண்டூருக்கு முதல் வருகை. நான் கேசட்டைப் போட்டேன். ஆட்டம் மிஷினில் ஏறும் சத்தமாக டேப் ரெக்கார்டர் கீச்சிட்டது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால், டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துளித்துளியாகத் திருப்பி, கீச்சல் கூர்மையானதும் நிறுத்தினேன். அந்த இடம் எனக்குக் காதாலேயே தெரியும். மலை வந்தது, கார் வந்தது, அறையே கைதட்டியது.

நான்காவது வளைவில் திரை வெளுத்தது.

ஞானராஜ் தொண்டையைச் செருமினார். "நான் அன்னிக்கே சொன்னேனுங்களே அண்ணி." அத்தை எழுந்து, டி.வி. ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

அப்போது லூர்தம்மாள் கேட்டாள்: "ஏன் அத்தை, பல்பு இப்படி மங்கிப் போச்சு?"

"மோட்டார் கரண்ட் வந்துருச்சும்மா" என்று அறையிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம். நானும்தான் சொன்னேன். சொன்ன வாயை மூட மறந்து அப்படியே நின்றேன்.

மூன்று பேஸ் கரண்ட் வந்தால் இண்டூர்க் கிணறுகளில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும், வீடுகளில் பல்பு மங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். பொழுது சாய்ந்தால் இருட்டுவதை யாராவது கோளாறு என்பார்களா? டிப்ளமோ படித்த நானும் மங்கிய பல்புக்கு அடியில் உட்கார்ந்து, பாவம், சிப்புகளைத் திட்டியிருக்கிறேன். பல்பை மங்க வைத்த அதே குறைந்த வோல்ட்டேஜ்தான் என் மிஷினையும் நிறுத்தியிருக்கிறது.

"அத்தை, ஒயர்ல கை வைக்காதீங்க! என்னாங்க, டிராக்டர் பேட்டரியக் கழட்டிக்கிட்டு வாங்க!"

என் வீட்டுக்காரர் எதற்கென்று கேட்கவில்லை. இந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து வைத்தார். டி.வி. பின்னால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கென்று ஓட்டை இருந்தது, அதில் ஒயரைச் செருகினேன். டேப் ரெக்கார்டருக்குக் கட்டை பேட்டரி போட்டேன். மிஷினை நேராக டிராக்டர் பேட்டரியில் மாட்டினேன்.

ஞானராஜ் பதறினார். "பன்னெண்டு வோல்ட்டா? ஒம்போது வோல்ட்டுக்குப் போட்ட ரெகுலேட்டர் சூடாகி எரிஞ்சிருமுங்க!"

"வெறும் ரெகுலேட்டர்னா எரியும் தம்பி. இதுக்கு இட்லிப் பானை மூடி வெச்சிருக்கறேன்."

"அடிப்பாவி, அது இங்கயா இருக்குது?" என்றார் அத்தை.

மறுபடி கேசட், மறுபடி கீச்சல், மறுபடி மலை. தலைக்கு மேல் பல்பு சிவப்பாக அழுது வடிந்தது. ஊர் மோட்டார் எல்லாம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. என் கார் மட்டும் தொப்பூர் வளைவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, மலை இறங்கி, கொடியைத் தொட்டது. தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது, ஆனால் தாங்கியது. நான் கட்டிய மிஷின், நான் ஏற்றிய மெமரி, நான் வெட்டிய மூடி. அன்றைக்கு வந்த கர்வத்தை நான் மறைக்கவும் இல்லை, மறைக்க முடியவும் இல்லை.

ஞானராஜ் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணி, எனக்கு ஒரு ஆட்டம் குடுங்களேன்."

"பொம்மைதானுங்களே தம்பி, பெரியவங்களுக்கு எதுக்கு?" என்றேன். அறையே சிரித்தது. அவரும்தான்.

அவர் கை போவதற்குள் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். எந்தப் பட்டனை அழுத்தினால் கார் திரும்பும் என்று காட்டிக் கொடுத்தேன். அந்நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. தேரை இழுக்கப் போவது எங்கள் டிராக்டர்தான்.

"அம்மா, பேட்டரியக் குடுங்க. தேர் கெளம்பணும், சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு" என்று வீட்டுக்காரர் தவித்தார்.

ஒரு பூசைக்குக்கூடப் பிந்திப் போகாத ரோசம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாதா நம்ம மேல கோவிச்சுக்க மாட்டாடா. இந்த ஒரு வளைவத் தாண்டிட்டு வரேன்னு சொல்லு."