ஒரு நாற்காலிக்கு எத்தனை கை

உலகத்தில் சேவை என்று ஒன்று கிடையவே கிடையாது. சேவையின் போட்டோ என்று ஒன்றுதான் உண்டு. போட்டோக்காரர் இதைச் சத்தியம் செய்வதுபோலச் சொல்வார். பாஸ்போர்ட் படத்துக்காக முகவாயை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரிடமும் சொல்வார். அசையக் கூடாது என்பதால் அவர்களால் மறுத்துப் பேச முடியாது. இப்படியாக ஊரில் பாதிப் பேர் இந்தக் கருத்தை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் ஆதாரம் இருந்தது. ஊர்ச் சேவைக் கிளப்பின் படங்களை ஆரம்பத்திலிருந்து எடுப்பவர் அவர்தான். கிளப்பின் தலைவர் வேறு யாருமில்லை, அவருடைய அக்காவின் கணவர், மருந்துக்கடைக்காரர். அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் உறுப்பினர்கள் அத்தனை பேரின் கையும் அதன்மேல் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்குப் படிவமும் இல்லை, உறுதிமொழியும் இல்லை; கொடுக்கும் பொருளில் கை வைத்துப் படத்தில் நின்றுவிட்டால் அவர் உறுப்பினர். ஒருமுறை ஓர் ஊன்றுகோலைக் கிளப்பே பிடித்துக்கொண்டு நின்றது. அதை வாங்க வந்த பெரியவருக்குப் பிடிக்க இடமில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருந்துக்கடை மாடியில் மாதக் கூட்டம் நடந்தது. போட்டோக்காரர் பழைய படங்களைக் கொடுக்க வந்தவர், பிஸ்கட் தட்டு வந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

"மரம் நடலாமே" என்றார் பல் டாக்டர்.

"எந்தக் குழியில?" என்றார் போட்டோக்காரர். "வருஷா வருஷம் நடற அதே குழியிலயா? மரம்தான் வரலையே தவிர, குழி நல்லா வளர்ந்திருக்கு டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு சக்கர நாற்காலி என்று முடிவானது. நாற்காலியில் நிறையக் கை வைக்கலாம் என்பதும் பேச்சில் வந்தது.

அடுத்து உறுப்பினர் விவகாரம். இன்சூரன்ஸ்காரர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டதில் ஒரு தலை குறைந்தது. நாற்காலி கொடுக்கும் அன்று கிளப்பின் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து தலை எண்ணுவார். குறைந்தால் கிளப்பைக் கலைத்துக் கடைவீதிக் கிளப்போடு சேர்த்துவிடுவார்கள். பல் டாக்டர் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தார். சிகிச்சை நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்த ஒருவரிடம், "சேர்றீங்களா?" என்று கேட்டார். அவரும் தலையாட்டினார். மறுநாளிலிருந்து வேறு பல் டாக்டரிடம் போகிறார்.

எல்லாக் கண்ணும் போட்டோக்காரர் பக்கம் திரும்பியது.

"என்னை விட்டுடுங்க. கை தெரியணுமேன்னு நீங்கள்லாம் எக்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு. அந்தப் படத்துல என் விரல் நகம்கூடத் தெரியாது."

அத்தான் பிஸ்கட் தட்டை இவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"ஏன்டா, கடைவீதிக் கிளப்புக்கு யார் தலைவர்னு தெரியுமில்ல?"

"உன் சம்பந்தி."

"நம்ம பொண்ணைக் கட்டிக்கொடுத்த இடம்டா. கல்யாணத்துல சாப்பாடு ஆறிப்போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டற மனுஷன். அவர் மேடையில உட்கார, உங்க அத்தான் கீழ உட்கார்ந்து கை தட்டணுமா? கடையையும் மருமகன் கையில கொடுத்தாச்சு. அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குக்கா."

"கொள்கையாம்! உனக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தது யாரு, உன் கொள்கையா?"

அவள் போன பிறகும் போட்டோக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி பளபளவென்று நின்றது. மேலிடத்துக்காரர் பேனாவோடு ஓரமாக நின்றார். சம்பந்தியும் வந்திருந்தார், சும்மா பார்த்துவிட்டுப் போக.

"அடுத்த மாசத்திலேருந்து நம்ம கிளப்புதானே சம்பந்தி. கடைசி வரிசையில உங்களுக்கு இடம் போடச் சொல்லியிருக்கேன். காத்தோட்டமா இருக்கும்."

அத்தான் சிரித்தார். வருஷக்கணக்காக மனிதர்களைச் சிரிக்கச் சொல்லியே பிழைக்கும் போட்டோக்காரர், அந்த மாதிரி ஒரு சிரிப்பைக் காசு வாங்கிக்கொண்டும் எடுத்ததில்லை.

கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக் குனிந்து பார்த்தார். கைப்பிடி, இருக்கை, சாய்மானம் என்று எங்கே பார்த்தாலும் கை. அத்தானுக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"அத்தான், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. படத்துல ஓட்டை விழுது."

"இருக்கட்டும் மாப்ளே" என்றார் அத்தான். நகரவில்லை.

போட்டோக்காரர் மறுபடி குனிந்தார். ஓட்டை அப்படியே இருந்தது. வராந்தாக் கடைசியில் ஒரு நர்ஸ், நாற்காலி எப்போது கைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளிச்சம் சரியில்லை" என்றார் போட்டோக்காரர், யாரிடம் என்று தெரியாமல். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. கேமரா தானே படமெடுக்கும்படி எதையோ திருகினார். சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவசரமில்லாதவர்போல நடந்து வந்து அந்த இடைவெளியில் நின்றார்.

சம்பந்தி வாயைத் திறந்தார். மேலிடத்துக்காரர் உதடு அசையத் தலைகளை எண்ணிப் பேனாவை மூடினார். அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கையை மட்டும் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டார்.

நாற்காலியில் கை வைக்க இடமே இல்லை. போட்டோக்காரர் குனிந்து, சக்கரத்தின் ரப்பரில் ஒரு விரலை வைத்தார். வைத்த பிறகுதான் தொழில் புத்தி வேலை செய்தது. இந்தக் கோணத்தில் பல் டாக்டரின் முழங்கால் விரலை மறைக்கும்.

விளக்கு வேகமாகத் துடித்தது. அவர் இன்னும் கொஞ்சம் எக்கினார்.