ஒன்பதாவது விதி

எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே போகிறார், ஏன் போகிறார், போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மூன்று நிறுத்தத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் நான் உடற்பயிற்சி ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'விசில்'. கழுத்தில் விசில் தொங்குவதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது.

அப்பேர்ப்பட்ட நான் கேட்காமல் விட்ட ஒன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு அண்ணன் அறையிலிருந்து ஒரு சத்தம் வரும். டக், டக், டக். அப்புறம் கதவு திறக்கும். முழுக்கால்சட்டையும் ஷூவுமாக அண்ணன் வெளியே வருவான். அது என்ன சத்தம் என்று ஐந்து வருஷமாக நான் கேட்கவில்லை.

அண்ணன் ராணுவத்தில் இருந்தவன். இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, செயற்கைக் காலோடு திரும்பினான். வந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டான்: "ஊரே வேடிக்கை பாக்க ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டு நிக்க மாட்டேன். என்னை யாரும் எங்கயும் கூப்பிடாதீங்க." கடல் எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது. சின்ன வயசில் காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை கரையேறாதவன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அதனால்தான் இந்தப் போட்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் அடுத்தடுத்து. முன்னாள் ராணுவத்தினருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சிக்கூடம் அமைக்க நிதி திரட்டுகிறோம் என்று ஊருக்குச் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் என் மனசுக்குள் இருந்த ஆசை வேறு. அண்ணன் ஒரே ஒரு தடவை கடலில் இறங்கிவிட வேண்டும்.

மருந்துக் கடைக்காரர் குழுவுக்குத் தலைவர். முதல் கூட்டத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மூணையும் ஒரே நாள்ல செய்யணுமா டீச்சர்? வாரத்துக்கு ஒண்ணா வச்சா உடம்புக்கு நல்லதாச்சே?"

"அப்ப அது போட்டி இல்ல சார், வைத்தியம்," என்றேன்.

வீட்டில் அண்ணனிடம் பேச்சைப் போட்டுப் பார்த்தேன். "நீயும் சேரேன்."

"எனக்காக ஊரையே ஓட விடப்போறியா? ஆளை விடு தாயே." பிறகு என் கையிலிருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "டைப் அடிக்கணும்னா கொடு, அடிச்சுத் தர்றேன்," என்றான்.

ஒன்றுமில்லாததற்கு இதாவது என்று எல்லாத் தாள்களையும் அவன் மேஜையில் கொண்டுபோய்க் குவித்தேன். விண்ணப்பம், எண் பட்டியல், விதிகள் எல்லாம் அவன் கைவண்ணம்தான். விதிகள் மொத்தம் பன்னிரண்டு. ஒன்பதாவது விதியைச் சேர்த்தவன் அவன்: 'பிறர் பொருளைத் தொடும் முன் அவரைக் கேட்கவும்.' இந்தப் போட்டியில் அது பெரிய விஷயம். நூறு பேருடைய சைக்கிள், ஷூ, துண்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். தண்ணீரிலிருந்து வந்தவன் தன் ஷூ வைத்த இடத்தில் இல்லையென்றால், அவன் கதை அத்தோடு முடிந்தது. நானே அந்த விதியைத் தட்டி தட்டியாக எழுதி ஊரெல்லாம் மாட்டினேன்.

டைப் அடிக்க ஆரம்பித்த பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. வாயே திறக்காத அண்ணன் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

"கரையேறுற இடத்துல மணல் எப்படி? சரிவா, சட்டுனு பள்ளமா?"

"சரிவுதான்."

"முழங்கால் ஆழம் எத்தனை தூரத்துக்கு இருக்கும்?"

"போய் அளந்துட்டு வந்தா சொல்றேன்." கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் போய் அளந்தேன். பதினைந்து அடி.

மறுநாள், "தண்ணியிலருந்து சைக்கிள் வரைக்கும் எத்தனை தப்படி?"

"நூத்தி நாப்பது. ஏன், நீ வந்து பாய் விரிக்கப் போறியா?"

"நாற்காலி போட இடம் இருக்குமா?"

"யாருக்கு நாற்காலி?"

"சும்மா. வயசானவங்க யாராவது நீந்துவாங்கல்ல." அவன் திரும்பவும் தட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிற எனக்கு, அவன் ஏன் இதையெல்லாம் கேட்கிறான் என்று அப்போது தோன்றவே இல்லை. மண்டைக்குள் என்ன இருந்ததோ.

போட்டி நாள் வந்தது. நீரோட்டம் போகிற பக்கமே நீந்த வேண்டும் என்று படகுக்காரர்கள் சொல்லியிருந்ததால், படகுத்துறையில் இறங்கி, கடல் வழியாக முனையைச் சுற்றி, அந்தப் பக்கத்து மணலில் கரையேறுவது மாதிரி ஏற்பாடு. சாலை வழியாகப் போனால் இரண்டு கிலோமீட்டர். அண்ணன் பத்து மணிக்கு மேல் கடைசி ஓட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். அவனோடு ராணுவத்தில் இருந்த சமையல்காரர் கூட்டி வருவார். அவருக்கு அங்கே வைத்த பெயர் 'உப்பு'. இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு பேர் எண் போட்ட ஆரஞ்சுத் தொப்பியும் நீச்சல் கண்ணாடியுமாகத் தண்ணீரில் நின்றார்கள். அந்தக் கோலத்தில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. ஏழரைக்கு விசிலை ஊதினேன். கடல் கொதித்த மாதிரி இருந்தது. நான்கு படகுகள் பின்னாலேயே போயின.

எல்லாரும் போனபின், யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று கரையோரமாக நடந்தேன். பாறைக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு துண்டு. அதன் மேல் ஒரு கால் நின்றுகொண்டிருந்தது.

ஷூ போட்ட கால். பழுப்பு ஷூ, பச்சைக் கயிறு. பழைய கயிறு அறுந்ததும் போன மாதம் நான்தான் அந்தப் பச்சையை வாங்கிக் கொடுத்தேன். "வேற கலரே கிடைக்கலையா?" என்று அண்ணன் திட்டினான்.

ஷூவைத்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேலே இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பளபளப்பான கம்பி, அதன் மேல் கிண்ணம் மாதிரி ஒரு உறை. உறையின் உள்ளே தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது.

பட்டியலைப் புரட்டினேன். அறுபத்து மூன்றாம் எண்: 'பெயர் வெளியிட விரும்பவில்லை.' அடப்பாவி! டைப் அடித்தவனே தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் கடலில் இறங்கிவிட்டான். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை. இன்னும் இருபது நிமிஷத்தில் அவன் அந்தப் பக்கம் கரையேறுவான். அங்கே ஊரே கூடி நிற்கிறது. காலோ இங்கே இருக்கிறது. அவன் எதற்குப் பயந்து ஐந்து வருஷம் உப்பு வீட்டைத் தவிர எங்கேயும் போகாமல் இருந்தானோ, அதை நானே மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். இறங்குகிற இடம் ஒன்று, ஏறுகிற இடம் ஒன்று என்று கோடு போட்ட குழுவில் ஒருத்தருக்காவது, கால் இல்லாதவன் நீந்தினால் என்ன செய்வான் என்று தோன்றியதா? ராணுவத்தினருக்காகப் போட்டி நடத்துகிறோமாம்!

கையும் ஓடலை, காலும் ஓடலை என்பார்கள். எனக்கு ஒரு கால் கையிலேயே இருந்தது. அங்கே நின்ற சைக்கிள் ஒன்றை எடுத்தேன். முன்னால் இருந்த கூடையில் காலைத் தலைகீழாகச் செருகி, ஷூ வானத்தைப் பார்க்க, மிதித்தேன்.

சாலை முனையில் போக்குவரத்துக் காவலர் கயிறு கட்டி நின்றார். "ஒம்பது மணி வரைக்கும் யாரையும் விடக்கூடாது டீச்சர்."

"நான்தான் சார் சொன்னேன் அதை!"

"ஆமா. 'நானே வந்து கேட்டாலும் விடாதீங்க'ன்னும் சொன்னீங்க."

அதுவும் சொல்லித்தான் இருந்தேன். நானே வெட்டிய குழி. "சார், கால் சார்!" என்று கூடையைக் காட்டினேன். அவர் பார்த்தார், சட்டென்று கயிற்றைத் தூக்கினார்.

மேட்டுச் சாலையில் மிதித்துப் போகும்போது கீழே கடலில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தன. எது அவனுடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்து அழுதுகொண்டே போனேன்.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப்பேர் ஏறிவிட்டார்கள். காலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தைப் பிளந்து தண்ணீருக்கு ஓடினேன். முழங்கால் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உப்பு நின்றார். அவர் தோளில் துண்டு மாதிரி ஒரு கால் தொங்கியது. ஷூவோடு கூடிய, கறுப்பு நிறத்தில், வேறு ஒரு கால்.

"என்ன டீச்சர், அதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?" என்றார் உப்பு. "அது வீட்டுக் கால். சைக்கிளுக்கு இது. இனிமே அதை எடுக்க நான் வேற படகுத்துறைக்குப் போகணுமேன்னு பாத்தேன். நல்லதாப் போச்சு."

நான் பதில் சொல்வதற்குள் அறுபத்து மூன்றாம் எண் வந்துவிட்டது. தண்ணீர் முழங்கால் ஆழம் ஆனதும் அண்ணன் திரும்பி உட்கார்ந்தான். கைகளால் மணலைத் தள்ளித் தள்ளிப் பின்னோக்கி நகர்ந்து, ஒரே எம்பில் நாற்காலியில் ஏறினான். அரைக்கால்சட்டை போட்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே நான் பார்த்தேயிராத அந்த இடத்தை ஊரே பார்த்தது. அண்ணன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. அவசரத்தில் இருந்தான். துடைத்தான், நுனியில் ஆணி வைத்த ரப்பர் உறை ஒன்றை உருட்டி மாட்டினான், கறுப்புக் காலுக்குள் விட்டு, ஆணி உள்ளே பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினான்.

டக், டக், டக்.

எங்கள் வீட்டு ஆறு மணிச் சத்தம்.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்ததையும் பார்த்தான். "ஏய் விசிலு, ஒம்பதாவது விதி என்ன?"

"உன்கிட்ட இன்னொரு கால் இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" அழுகையில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"மூணு இருக்கு. ஓடுறதுக்கு ஒண்ணு சைக்கிள்கிட்ட இருக்கு. ரெண்டு வருஷமா உப்பு வீட்டுல வச்சுத்தான் பழகுறேன். நீ கேட்டாத்தானே தெரியும்?"

அவன் எழுந்து நின்றான். யாரோ கைதட்டினார்கள். "கைதட்டு அப்புறம், முதல்ல வழி விடுங்க!" என்று உப்பு கத்தினார்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

"அதுக்குப் பதில் சொன்னா ரெண்டு நிமிஷம் போயிடும். எல்லாத்தையும் எழுதி வை, முடிச்சுட்டு வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நடந்தான். நூற்று நாற்பது தப்படியும் நான் பின்னாலேயே போய் எண்ணினேன். அவனுக்கு நூற்று ஐம்பத்து இரண்டு ஆனது.

அவன் சைக்கிளில் போனபின் மணலில் உட்கார்ந்தேன். வீட்டுக் காலை மடியில் வைத்துக்கொண்டு, எண் பட்டியலின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். கழற்றி வைக்கும்போது எங்கே வைப்பாய்? மழைக்காலத்தில் தொல்லை உண்டா? விழுந்திருக்கிறாயா? விழுந்தபோது நான் வீட்டில் இருந்தேனா? எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. கேட்டால் அவனுக்கு வலிக்கும் என்றுதான் கேட்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. பதிலைக் கேட்க எனக்குத்தான் பயம். கடைசியாக ஒன்று எழுதினேன். எழுதிவிட்டு, பேனாவால் அழுத்தி அடித்துவிட்டேன்.

அண்ணன் தொண்ணூற்று எட்டாவதாக ஓடி முடித்தான். மருந்துக் கடைக்காரர் பதக்கத்தோடு ஓடி வந்தார். "கொஞ்சம் பொறுங்க சார், ஒரு சின்ன வேலை," என்று அவரை நிறுத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்து, தாளுக்குக் கை நீட்டினான்.

வரிசையாகப் பார்த்தான். பிறகு தாளைத் தூக்கி வெயிலில் பிடித்தான். அடித்த வரியும் அதில் தெரிந்தது.

"'என் மேல கோபமா?'" என்று வாசித்தான். "இதை ஏன் அடிச்ச?"

நான் வீட்டுக் காலின் பச்சைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"கோபம்தான். ரொம்பக் கோபம். தினம் காலையில அந்தச் சத்தம் அவ்வளவு பலமா வர வேண்டியதே இல்ல. மெதுவாவும் போடலாம். உனக்குக் கேக்கட்டும்னுதான் அப்படிப் போட்டேன். ஊரையெல்லாம் கேக்கறவ, சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னை இன்னிக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு பாத்தேன்."

ஊர் முன்னால், கழுத்தில் விசிலோடு, ஓவென்று அழுதேன். அண்ணன் தன் ஈரத் துண்டை என் தலையில் போட்டான். அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"சரி, முதல்லருந்து வருவோம்," என்று தாளை என் மடியில் வைத்தான். "கழட்டி வைக்கறப்ப எங்க வைப்பேன்? கட்டிலுக்கு இடது பக்கம். எழுதிக்கோ."