தாசில்தாருக்கு முன்னங்கால் பூட்ஸ்

கொடைக்கானலில் குதிரைக்குக் கால் பூட்ஸ் வாங்கினால் ஒவ்வொரு பூட்ஸோடும் ஓர் ஆளைச் சேர்த்து எடுக்க வேண்டும். குதிரையின் காலில் படும் அடியைப் பூட்ஸ் அந்த ஆளின் காலுக்கு அனுப்பிவிடும். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆளுக்கு அடிதாங்கி என்று பெயர்.

பெனிட்டா தாசில்தாருக்குப் பூட்ஸ் வாங்க மூஞ்சிக்கல்லில் உள்ள காஜா பாய் கடைக்குப் போனாள். தாசில்தார் என்பது அவளுடைய குதிரை. அவளுடையது என்று அவள்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாங்கிப் போட்டவர் சித்தப்பா ஆரோக்கியம். தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, லத்தி அள்ளுவது, ஏறிப் போவது எல்லாம் அவள். ஆகவே அவளுடையதுதான்.

தாசில்தாரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேகம் எடுத்தால் பின்னங்கால் குளம்பால் தன் முன்னங்காலின் பின்நரம்பைத் தானே அடித்துக்கொள்ளும். அப்படி இரண்டு தடவை நொண்டிவிட்டது. சித்தப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை நொண்டுச்சுன்னா நிலக்கோட்டைக்கு ஏத்திவிட்டுருவேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகட்டும். அங்க ஊர்வலத்துக்குக் குதிரை விடுற மாயாண்டிகிட்ட வாக்குக் குடுத்தாச்சு."

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மைதானத்தில் கட்டை தாண்டும் போட்டி. பெனிட்டா பெயர் கொடுத்துவிட்டாள். பூட்ஸ் இல்லாமல் தாண்டினால் தாசில்தார் நொண்டும். நொண்டினால் போய்விடும். விஷயம் அவ்வளவுதான்.

காஜா பாய் கடையில் பூட்ஸ்கள் சுவரில் ஆணியடித்துத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே பெஞ்சில் அதனுடைய அடிதாங்கி உட்கார்ந்திருந்தார். ஆண்கள் பேண்ட்டைச் சுருட்டியும் பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கியும் காலை நீட்டி வைத்திருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்கினால் குழி விழக் கூடாது.

"என்ன பாப்பா, தாண்டுற குதிரைக்கா, ஏரியைச் சுத்துற குதிரைக்கா?" என்றார் காஜா பாய்.

"தாண்டுறதுக்கு. முழுக்க மூடுற மாதிரி குடுங்க பாய்."

"முழுக்க மூடினா கட்டை இடிச்சதுகூட அதுக்குத் தெரியாது. தெரியலைன்னா காலைத் தூக்காது. எல்லாக் கட்டையையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டே போகும். இவங்க தாங்குவாங்களா?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் தாங்காது என்று தலையை ஆட்டினார்கள்.

"முன்னாடி திறந்தது எடுத்துக்கோ. முன்னாடி படுறது குதிரைக்கு. பின்னாடி நரம்புல படுறது மட்டும் ஆளுக்கு. அதான் நியாயம்."

அது நியாயம்தான் என்று பெனிட்டாவுக்கும் பட்டது. உள்துணி எது வேண்டும் என்று பாய் அடுத்துக் கேட்டார். ரெக்ஸின் வைத்ததை எடுத்தால் அடி படும்போது ஆள் "ஐயோ" என்பார். ஆட்டு ரோமம் வைத்ததை எடுத்தால் "ஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். போட்டி நடக்கும் இடத்தில் சத்தம் வேண்டாமே என்று பெனிட்டா ஆட்டு ரோமம் கேட்டாள்.

பின்னங்கால்களுக்கு யாரை வேண்டுமானாலும் போடலாம். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவரையும் கான்வென்ட்டில் ஹாக்கி சொல்லித்தரும் டீச்சரையும் எடுத்தாள். இரண்டு பேருக்கும் கால் இரும்பு மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தாண்டக் கூடாது என்றார் கண்டக்டர். சரி என்றாள்.

சிக்கல் முன்னங்காலில்தான். முன்னங்கால் ஜோடிக்கு ஒரே வீட்டு ஆட்களைத்தான் போட வேண்டும். அவர்கள் பேச்சுவார்த்தையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு காலும் ஒரு வழியில் போகாது. அப்படிப்பட்ட ஜோடிகளை எல்லாம் பெரிய குதிரைக்காரர்கள் போன வாரமே எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. மார்க்கெட் பக்கம் காய்க்கடை போட்டிருக்கும் பால்சாமியும் அவர் சம்சாரம் ஜெயக்கொடியும். பால்சாமி பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தார். ஜெயக்கொடி இந்தக் கோடியில்.

"பேசிக்குவாங்களா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"பேசுவாங்க. நடுவுல ஆள் வேணும்."

ஜெயக்கொடி அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "பாப்பா, அந்த ஆளுகிட்டச் சொல்லு. குக்கர்ல சோறு இருக்குன்னு."

"அண்ணே, குக்கர்ல சோறு இருக்காம்."

"காதுல விழுந்துச்சுன்னு சொல்லு."

"அக்கா, விழுந்துச்சாம்."

"விழுந்தாச் சரின்னு சொல்லு."

பெனிட்டாவுக்குப் பொறுமை கம்மி. "நீங்க எப்பதான் நேராப் பேசுவீங்க? எனக்கு ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு."

"என் தங்கச்சி வீட்டு விசேஷத்துல அத்தனை பேரு முன்னாடி சாம்பாரைக் குறை சொன்னாரு. வாபஸ் வாங்கச் சொல்லு."

"உப்பு இல்லாட்டி இல்லைன்னுதான் சொல்ல முடியும்னு சொல்லு," என்றார் பால்சாமி.

காஜா பாய் பூட்ஸைத் துணியால் துடைத்தார். "ஆள் வெச்சுப் பேசினாலும் அதுவும் பேச்சுதான் பாப்பா. ஆனா அந்த ஆளு குதிரை மேல உக்காந்திருக்கணும்."

குதிரை மேல் உட்காரப் போவது பெனிட்டாதான். அந்த ஜோடியையே எடுத்துக்கொண்டாள். இடதுகாலுக்கு ஜெயக்கொடி, வலதுகாலுக்குப் பால்சாமி. பூட்ஸ் பட்டியின் நுனி வெளிப்பக்கம் பார்த்து, பின்னோக்கிப் போக வேண்டும், மாற்றி ஒட்டினால் அடி பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும் என்று பாய் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வேலி ஓரமாக நின்றார்கள். தாசில்தாரின் இடது முன்னங்கால் ஏரிப் பக்கம் போனது. வலது முன்னங்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது. தாசில்தார் நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. பெனிட்டா சத்தம் போட்டு, கடைக்கு யார் கேரட் எடுத்துவருவது என்பதை அக்காவிடமிருந்து அண்ணனுக்கும் அண்ணனிடமிருந்து அக்காவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கால்கள் ஒன்றாகி நேராக நடந்தன. கேரட் பேச்சு முடிந்ததும் மறுபடி பிரிந்தன. இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிக் கட்டை வரைக்கும் பேச்சு இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் அடித்தது. பால்சாமி மைதானத்தின் ஒரு பக்கமும் ஜெயக்கொடி எதிர்ப்பக்கமும் உட்கார்ந்தார்கள். விசில் ஊதியதும் பெனிட்டா ஆரம்பித்தாள்.

"அண்ணே, கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேக்குறாங்க!"

"நாளைக்குன்னு சொல்லு!"

"அக்கா, நாளைக்காம்!"

தாசில்தார் முதல் கட்டையைத் தாண்டியது.

"போன மாசமும் நாளைக்குதான்னு சொல்லு!"

"அண்ணே, போன மாசமும் இதே நாளைக்குதானாம்!"

அடுத்ததையும் தாண்டியது. கரண்ட் பில் முடிந்து, கூரையில் ஒழுகும் இடம் முடிந்து, பால்சாமியின் அக்கா மகள் வளைகாப்புக்கு யார் போவது என்பதில் இன்னும் சில கட்டைகள் போயின. யாரும் போக வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டதால் பேச்சு அறுந்தது. இன்னும் ஒரு கட்டை பாக்கி.

இடதுகால் ஏரிப் பக்கம் திரும்பியது. வலதுகால் பஜ்ஜிக்கடைப் பக்கம் திரும்பியது. பெனிட்டா அண்ணனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தாள். அக்கா வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். இனி காத்திருந்தால் தாசில்தார் கிழிந்துவிடும்.

"அக்கா! சாம்பார்ல உப்பு இருந்துச்சாம்!" என்று கத்தினாள்.

அது பொய். ஆனாலும் இடதுகால் துள்ளியது.

பால்சாமி எழுந்து நின்றுவிட்டார். "ஏய் ஜெயக்கொடி! நான் அப்படிச் சொல்லவே இல்லை!"

"எல்லாரும் கேக்கச் சொல்லிட்டு இப்ப இல்லைன்னா?"

"உப்பு இல்லைடி! இன்னைக்கும் சொல்றேன், இல்லை!"

"அப்ப எதுக்குய்யா மூணு தடவை ஊத்திக்கிட்ட?"

நடுவில் ஆள் இல்லாமல் நேருக்கு நேர் பேச்சு. முன்னங்கால்கள் இரண்டும் ஒரே காலைப் போலப் பாய்ந்தன. பெனிட்டா பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டாள். கட்டை வெகு கீழே கிடந்தது. அந்த வேகத்துக்குப் பின்னங்கால்கள் கொஞ்சம் பதறி வந்தன. கீழே இறங்கும்போது பின்குளம்பு இடது முன்னங்காலின் நரம்பில் சரியாக விழுந்தது.

"ஸ்," என்றாள் ஜெயக்கொடி.

கோப்பை யாருக்கு என்று பெனிட்டா பார்க்கவில்லை. கீழே குதித்துத் தாசில்தாரைக் கயிறு பிடித்து நடத்திப் பார்த்தாள். முன்னுக்கு நடத்தினாள், பின்னுக்கு நடத்தினாள். சுத்தமான நடை. பூட்ஸைக் கழற்றிக் காலைத் தடவினாள். சூடு இல்லை, வீக்கம் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெயக்கொடி இடதுகாலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

சித்தப்பாவும் மாயாண்டியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். மாயாண்டி மலைக்குக் கீழே இருந்து வந்தவர், கொடைக்கானல் குளிரிலும் வேட்டி சட்டையோடு இருந்தார். அவர் குனிந்து ஜெயக்கொடியின் நடையைக் கவனித்தார்.

"தாசில்தாருக்கு ஒண்ணும் ஆகலை சித்தப்பா," என்றாள் பெனிட்டா.

"தெரியுது. குதிரை இங்கேயே இருக்கட்டும்," என்றார் சித்தப்பா. "ஆனா நொண்டல் வந்துருச்சே. வாக்குக் குடுத்திருக்கேன்ல."

"எனக்கும் நொண்டல்தாங்க வேணும்," என்றார் மாயாண்டி. "நேரா நடக்குறதை வெச்சு ஊர்வலம் விட்டா தவிலுக்குச் சேராது. மாப்பிள்ளை முன்னாடியே போய் மண்டபத்துல உக்காந்துக்குவாரு. இந்த அம்மா நடை நல்லா இருக்கு. தோளும் அகலம். புதன்கிழமை முகூர்த்தம்."

ஜெயக்கொடி யோசித்தாள். "மாப்பிள்ளை எப்படி, குண்டா?"

"ஒல்லிதாம்மா. பேங்க்ல இருக்காரு."

"சாப்பாடு?"

"கல்யாணச் சாப்பாடுதான்."

"அவ போனா நானும் போகணும்," என்றார் பால்சாமி. "முன்னங்கால் ஜோடியைப் பிரிக்கக் கூடாது."

அதை யாரும் மறுக்கவில்லை. சாயங்காலம் வத்தலக்குண்டு பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். மாயாண்டி முன் சீட்டிலிருந்து திரும்பி, ஜெயக்கொடியின் தோளில் சரிகைத் துணியை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் மறையும் வரைக்கும் உப்பு இருந்தது, இல்லை என்ற சத்தம் கேட்டது.

பெனிட்டா தாசில்தாரை லாயத்தில் கட்டிவிட்டு, இனி யாரும் அதைக் கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் சேணத்தை எடுத்துக்கொண்டு போனபோது லாயம் காலி. குதிரை வேலைக்கு ஆள் போயிருந்தால் ஆள் வேலைக்குக் குதிரை போயிருக்கும் என்று அவள் நேராக மார்க்கெட்டுக்கு நடந்தாள். பால்சாமியின் காய்க்கடை திறந்திருந்தது. தாசில்தார் தராசுக்குப் பின்னால் நின்று சௌசௌ எனும் மேரக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தது. முற்றல் ஒரு பக்கம், பிஞ்சு ஒரு பக்கம். ஓர் அம்மாள் கேரட்டை முறித்துப் பார்த்தாள். அது மூக்கால் அவள் கையைத் தள்ளிவிட்டது. நல்ல கூட்டம். பெனிட்டா சேணத்தோடு வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்ததும் தாசில்தார் என்ன வேண்டும் என்று தலையை ஆட்டிக் கேட்டது.

"மேரக்காய்," என்றாள்.

பிஞ்சாகப் பார்த்து எடுத்து எடை போட்டது. பை கொண்டுவராததால் பெனிட்டா சேணத்தைத் திருப்பிப் பிடித்து அதில் வாங்கிக்கொண்டாள்.