ஈயக் குண்டு வைத்துத் தைத்த சட்டைகள்

எங்கள் தெருவில் வலி மாத்திரையை அளவு மீறி விழுங்கியவர்கள், மூச்சு குறையத் தொடங்கியதும் தரையை விட்டு எழும்பிக் கூரையில் முட்டி நின்றார்கள். முதல் வருஷம் பதினொரு பேர் மிதந்தார்கள். ஒன்பது பேரை இறக்கியபோது உயிர் இல்லை. அடுத்த வருஷம் சுகாதாரத் துறை வீட்டுக்கு மூச்சை மீட்கும் ஒரு மூக்கு மருந்தும் ஒரு குட்டை ஏணியும் கொடுத்தது. ஏறி மூக்கில் அடித்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வாயில் ஊத வேண்டும் என்று நர்ஸ் வீடு வீடாக வந்து செய்து காட்டினாள். மருந்து வேலை செய்ததும் மிதந்தவர்கள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். ஆள் பிழைத்துவிட்டான் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

திரைச்சீலை தைக்கிறவள் மட்டும் இரண்டையும் வாங்கவில்லை. "எங்க வீட்ல அதுக்கென்ன வேலை?" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவள் மகன் கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவன். டாக்டர் மாத்திரையை நிறுத்திய பிறகு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலோ தெருவைப் பார்த்தது. ஒருமுறை அவன் அரை அடி எழும்பியதைக் கண்டு அவளும் பயந்தாள். ஆனாலும் ஊர் வாய்க்குத்தான் அதிகம் பயந்தாள். திரைச்சீலை பறக்காமலிருக்க விளிம்பில் வைக்கும் ஈயக் குண்டுகளை அவனுடைய ஏழு சட்டைகளிலும் வைத்துத் தைத்தாள். தையல் சுத்தம், குறை சொல்ல முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவன் தரையில் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்து அவள் இரண்டு திரைச்சீலைக்கு விளிம்பு அடித்து முடித்தாள். சீருடையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்த நர்ஸ்தான் அவன் உதடு நீலமாக இருப்பதைக் கண்டாள். தன் பையிலிருந்த மருந்தை இரண்டு முறை அடித்து, ஆறு நிமிடம் ஊதிய பிறகு அவன் கெட்ட வார்த்தை சொன்னான்.

"அக்கா, மிதந்தாத்தான் நமக்குத் தெரியும். அதையும் மறைச்சுட்டா யாரு வந்து காப்பாத்துவா?" என்றாள் நர்ஸ், அவன் சட்டை விளிம்பிலிருந்த குண்டுகளைத் தடவிப் பார்த்து.

அழுதுகொண்டே அன்று மாலைக்குள் அவன் அம்மா ஏழு சட்டைகளின் தையலையும் பிரித்துக் குண்டுகளை எடுத்தாள்; முன்பு வேண்டாமென்ற ஏணியையும் மருந்தையும் வாங்கி வைத்தாள். அதே மாதம் அவன் ஜன்னலில் நன்றாகத் தெரியும்படி மிதந்தான். தெருவே பார்க்க அவள் ஏணியில் ஏறினாள். நாலு பேர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அவன் தினமும் காலையில் மருத்துவமனையில் மாத்திரை ஆசையை அடக்கும் மாற்று மருந்து குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை தவறிப்போய் மாத்திரை போட்டு மிதப்பதும் உண்டு.

தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மகன் மேலயா, கீழயா?" என்று விசாரிப்பார்கள்.

"கீழதான். சாப்பிட்டுட்டு இருக்கான்" என்பாள் அவள், மிஷினிலிருந்து தலை தூக்காமல்.