நிறைமதியின் வயிறு பாடிய விவரம்

ஆம்பூரில் ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கும் புதுக்காலனியில் பிறக்கிற பிள்ளைகளுக்கு முப்பதாவது நாள் வயிறு பாட ஆரம்பிக்கும். தொப்புளில் காதை வைத்தால் ஷூ கம்பெனியின் தையல் ஹாலைத் தெருவில் நின்று கேட்பது போல ஒரு ரீங்காரம் வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கம்பக்கத்தார் குழந்தைக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார்கள். பாரதியின் மகள் நிறைமதிக்கு நூறு நாள் தாண்டியும் வயிறு வாயே திறக்கவில்லை.

பாடுவது யார் என்பதைக் காலனிக்குச் சொன்னவள் ஃபீபி. வேலூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்காகச் செவ்வாய்தோறும் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி வந்து, கைக்குழந்தைகளின் மலத்தைச் சின்ன டப்பாக்களில் வாங்கிப் போகிறவள். தாய்மார் அவளை சிஸ்டர் என்பார்கள். தெருப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் ஆய் அக்கா என்பார்கள். பிறக்கும்போது பிள்ளையின் குடல் காலி வீடு, முதலில் பாக்டீரியா குடிவரும், அதன் மடிக்குள் ஒளிந்து வந்த வைரஸ்கள் ஒரு மாதத்துக்குள் வெளியே குதித்து அந்த பாக்டீரியாவையே தின்னும், அந்தப் பந்தியின் சத்தம்தான் பாட்டு என்று அவள் சொன்னாள். வைரஸ் என்றதும் நாலு பேர் முகக்கவசத்தைத் தேடினார்கள். இவை மனுஷர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஜாதி என்று விளக்கிச் சமாதானப்படுத்த அவளுக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை பிடித்தது.

பாரதி ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவள். தோலில் கொசு கடித்த தடம் இருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இரண்டாவது பிறந்ததும் அவள் ஸ்டிக்கர் ரோலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாசற்படி, ஜன்னல், தண்ணீர்க் குடம், கணவன் செந்தில்குமாரின் சட்டைக்கை என்று எல்லாவற்றிலும் அம்பு விழுந்தது. எதிர்வீட்டு ஆபித் பாஷா தோல் ஆலையில் சாயப் பீப்பாய் உருட்டுகிறவர். குழந்தையைப் பார்க்க வந்தவர் நீல விரலில் ஓர் அம்பை வாங்கிக்கொண்டு மரியாதையாகத் திரும்பிப் போனார். கடைசியாக ஓர் அம்பைப் பாரதி தன் ஜாக்கெட்டிலேயே ஒட்டிக்கொண்டாள். தாய்ப்பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஸ்பூனில்தான் புகட்டினாள். அந்த வீட்டில் பாஸ் ஆனது ஃபீபி ஒருத்திதான், கையில் உறை போட்டிருந்ததால்.

ஆறு வாரமாக எடை மெஷினில் ஒரே எண் நின்றது. வேலூரிலிருந்து லேப் ராஜேஷ் போன் பண்ணி, "இன்னா சிஸ்டர், டப்பாவைக் கழுவி அனுப்பிட்டீங்களா? உள்ள யாருமே இல்லயே" என்றான். டாக்டரும் பார்த்தார், நோய் என்று ஒன்றும் அகப்படவில்லை. பதினைந்தாவது செவ்வாய்க்கிழமை குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. இந்த வயிற்றுக்கு யாரும் வரப்போவதில்லை, இதுவும் போய்விடும் என்பது பாரதிக்கு உறுதியாகிவிட்டது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

களப்பணியாளர் குழந்தையை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது ஆராய்ச்சிக் கூடத்தின் விதி. ஃபீபி பதினோரு வருடம் அதை மீறாதவள். அன்று உறையைக் கழற்றினாள், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், குழந்தையை எடுத்துக் கன்னம் தன் கழுத்தில் படும்படி தோளில் சாய்த்துக்கொண்டாள். பாரதி பதறி எழுந்தாள்.

"சிஸ்டர், வேணாம்! ஒண்ணு போய்ட்டான். இதுவும் போய்டுச்சுன்னா..."

"தண்ணிய காய்ச்சு, கைய கழுவு, அதெல்லாம் நிறுத்தாத. ஆனா பால காய்ச்சாதம்மா. நீ ஒண்ணும் ரிஜெக்ட் பீஸ் இல்ல" என்றாள் ஃபீபி. சொல்லிக்கொண்டே அந்த ஜாக்கெட்டிலிருந்த அம்பை உரித்து எடுத்துத் தன் ஐஸ் பெட்டியில் ஒட்டினாள். பாரதி வெகுநேரம் அழுதாள். பிறகு பிள்ளையை மார்பில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு நிறைமதியின் வயிறு பாடியது.

இரண்டரை மாத பாக்கியையும் சேர்த்துப் பாடியது. ஸ்டாண்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தன. ஜோலார்பேட்டை போகும் கூட்ஸ் வண்டி அந்தக் காலனியைத் தாண்டும்போது பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஆபித் பாஷா, சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா என்று கேட்க வந்தார். கையைக் கழுவச் சொல்லிப் பாரதியே குழந்தையை அவர் மடியில் வைத்தாள். மறுநாள் பாட்டில் சாயப் பீப்பாய் உருளும் சத்தமும் கேட்டது. அந்த வாரத்தில் தெருவே வந்து தூக்கியது, செந்தில்குமார் உட்பட.

ஐந்தாம் மாதம், மனுஷரைப் பிடிக்கிற ஜாதி வைரஸ்களும் வந்தன. மூன்று நாள் பேதி. பாரதி உப்புச் சர்க்கரைக் கரைசலோடு பக்கத்திலேயே இருந்தாள். தாய்ப்பால், கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி, அடையாள அட்டை இல்லாதவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியது. நாலாம் நாள் குழந்தை சிரித்தது. அன்று பாரதி கும்பிட்ட கையை இறக்க ரொம்ப நேரமாயிற்று. இரண்டாம் வருடம் பாக்டீரியாவைத் தின்ற வைரஸ்கள் இரை தீர்ந்து குறைந்தன, புதிது புதிதாக வேறு வந்தன, பாட்டு வாரத்துக்கு ஒரு மெட்டு மாறியது. மூன்றாம் வயதில் ஒரு மெட்டில் நிலைத்தது. ஆம்பூரில் இன்னொருவருக்கு இல்லாத மெட்டு. தையல் ஹாலில் நானூறு மெஷின் ஓடும்போதும், கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அது பாரதிக்குத் தனியாகக் கேட்கும்.

மூன்றாவது பிறந்தநாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபீபி கடைசி டப்பாவை வாங்க வந்தாள். ஆராய்ச்சி முடிந்தது, இனி வர வேண்டியதில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று குனிந்து காதை வைத்தாள். மேலே பாரதியின் மெட்டு, அதற்கடியில் பீப்பாய், அதற்கும் அடியில் மூன்று அடி போய் ஒரு அடி நின்று மறுபடி கிளம்பும் ஒரு சன்னமான ராகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் கண்மூடி ஜெபிக்கும்போது அவள் வயிறு போட்டு அவளை வெட்கப்பட வைக்கும் அதே சத்தம். ஃபீபி அப்படியே தலை நிமிராமல் இருந்தாள்.

"இப்பதான் கேக்குதா சிஸ்டர்? அது உங்களோடது. மொத வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். அதான் மொதல்ல வந்துச்சு" என்றாள் பாரதி.

ஃபீபி அழுதாள், தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு முடிவுப் படிவத்தை எடுத்தாள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பது கடைசிக் கேள்வி. மூன்று என்று எழுதப் போனவளின் கையைப் பாரதி பிடித்துக்கொண்டாள்.

"உங்களயும் சேத்து நாலுன்னு எழுதுங்க."

அவள் நாலு என்று எழுதினாள். வேலூரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்த வீட்டுக்கு இன்றும் நாலு பேர்தான்.