டர்னிப் படுத்துக்கொண்ட மைக்

ஜார்ஜ்டவுன் துறையில் ரேடியோவை ஒட்டுக்கேட்பதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு படகு இன்னொரு படகைப் பொது அலைவரிசையில் கூப்பிட்டு, "எழுபத்திரண்டுக்கு வா, பேசணும்" என்று சொன்னால் போதும், நங்கூரம் போட்டிருக்கும் அத்தனை படகும் சத்தமில்லாமல் எழுபத்திரண்டுக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொள்ளும். யாருடைய குளிர்பெட்டி கெட்டுப்போனது, யாருடைய நாய் கடற்கரையில் யாருடைய கோழிக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம் காபி ஆறுவதற்குள் துறைக்கே தெரிந்துவிடும். பஹாமாஸில் குளிர்காலம் பூராவும் படகிலேயே கிடக்கிற வயசான ஜனங்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது, பாவம்.

லோர்னாவும் கூசாமல் ஒட்டுக்கேட்டவள்தான். ஆனால் இந்த வருஷம் ரேடியோ கரகரத்தாலே, தங்கள் படகின் பேர் அடிபடுகிறதா என்று கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். காரணம் அவள் புருஷன் வெண்டல்.

வெண்டல் நோவா ஸ்கோஷியாவில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்தவன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் போன மாதம் சமையல் அடுப்புக்கு முன்னால் நின்று, கேஸை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முழித்தான். சாவியை எங்கே வைத்தேன் என்கிற சாதாரண மறதி இல்லை இது. லோர்னாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

தெற்கே டொமினிக்கன் குடியரசு வரைக்கும் பாய்மரத்திலேயே போய்ச் சேர வேண்டும் என்பது அவனுடைய ரொம்ப நாள் ஆசை. ஜார்ஜ்டவுனுக்குப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளித் துறைமுகம். தெற்கே போகிறேன் பார் என்று மார்தட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர், முன்னால் விரிந்து கிடக்கும் கடலைப் பார்த்ததும் முதுகு வலி, பேத்தி பிறந்தநாள் என்று எதையாவது சொல்லி வடக்கே திரும்பிவிடுவார்கள். வெண்டலும் லோர்னாவும் அப்படி மூன்று வருஷம் திரும்பியவர்கள். இந்த வருஷம் விட்டால் அவனுக்கு இன்னொரு வருஷம் கிடையாது.

தனியாகப் போகவும் முடியாது. ராத்திரியும் ஓட்ட வேண்டிய தூரம் என்பதால் மூன்று படகுகள் சேர்ந்து கிளம்புவதாக ஏற்பாடு. இவர்களுடைய 'சில்வர் ஹெரான்', டாட்டியின் 'மாங்கோ டாங்கோ', கியூபெக்காரன் ரெஜானின் படகு. கேப்டனுக்கு நினைவு தப்புகிறது என்று தெரிந்தால் இருட்டில் அவன் பக்கத்தில் யார் படகு ஓட்டுவார்கள்? விஷயம் வெளியே வந்தால் பயணம் அதோடு சரி. அதனால் லோர்னா ஒரு காரியம் செய்தாள். அவன் செய்த தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் டாட்டி தன் ரப்பர் படகில் வந்து சேர்ந்தாள். மிதவைச் சட்டை மாட்டிய இரண்டு குட்டைக்கால் நாய்கள் முன்னால் உட்கார்ந்திருந்தன. டாட்டிக்கு நல்ல மனசு, அதைவிட நீளமான வாய்.

"ஏண்டி லோர்னா, நாளைக்குக் கிளம்புறோம். திரும்பவும் தண்ணி டேங்க்ல டீசலை ஊத்தி வைக்காதே."

"கையைக் கட்டிப் போட்டுக்கறேன், போதுமா?"

"உன்னைக் கட்டிக்கிட்டு வெண்டல் எப்படித்தான் காலம் தள்ளறானோ. அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டணும்."

லோர்னா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இப்போது பழகிப்போயிருந்தது.

டாட்டி போனதும், வெண்டலும் கரைக்குச் சீட்டாடப் போனதும், லோர்னா மாவுப் பாத்திரத்தோடு படகின் திறந்த பின்தளத்தில் உட்கார்ந்தாள். பயணத்துக்கு ரொட்டி சுட வேண்டும். டர்னிப் பெஞ்சின் மேல் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்தது. தீவில் தெருவில் கிடந்து இவர்களோடு ஒட்டிக்கொண்ட நாய் அது. பேருக்கு ஏற்றபடி டர்னிப் கிழங்கு மாதிரி உருண்டை உடம்பு. லோர்னா மனசில் உள்ளதைச் சொல்வதற்கு அதைவிட்டால் ஆள் கிடையாது.

"நீயே சொல்லு டர்னிப், நானா டீசலை ஊத்தினேன்? நான் பார்க்கறதுக்குள்ள ஊத்திட்டு, விசில் அடிச்சுக்கிட்டு வர்றான். படகை மணல்ல ஏத்தினதும் அவன்தான். வழி காட்டற பச்சைத் தூணுக்கு எந்தப் பக்கம் போகணும்னு என்னைக் கேக்கறான், வாழ்நாள் பூரா கடல்ல இருந்தவன். நான் வழி சொல்லித் தப்பாப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன்." மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். "ரப்பர் படகு மிதந்து போனதே, அன்னைக்குக் கட்டவே மறந்துட்டான். ரெஜான் பிடிச்சு இழுத்துட்டு வந்து, கயிறு எப்படி அவிழ்ந்ததுன்னு முறைக்கறான். நான் கீழே போய்க் கத்தியால கயிறை அறுத்துட்டு வந்து, இத பாரு, தேய்ஞ்சு அறுந்துடுச்சு, நான்தான் மாத்தாம விட்டுட்டேன்னு காட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் அங்க போய்ச் சேர்ந்துட்டா போதும். அப்புறம் என்ன வேணா ஆகட்டும். ஆனா எனக்குப் பயமா இருக்குடா. ராத்திரி நான் தூங்கும்போது அவன்தான் முழிச்சிருந்து ஓட்டணும். எதுக்கு ஓட்டறோம்னு மறந்துட்டான்னா?"

அவள் அழுதாள். டர்னிப் வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு ரப்பர் படகு தலைதெறிக்க வந்து பக்கத்தில் மோதி நின்றது. திரும்பவும் டாட்டி. இந்தத் தடவை நாய்கள் இல்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"லோர்னா, உன் மைக் எங்கே?"

மைக் எப்போதும் பெஞ்சுக்கு மேலே கொக்கியில் தொங்கும். கொக்கி காலியாக இருந்தது. சுருள் வயர் மட்டும் கீழே இறங்கி டர்னிப்பின் வயிற்றுக்கு அடியில் போனது. டாட்டி ஏறி வந்து நாயைப் புரட்டித் தள்ளி மைக்கை உருவி எடுத்தாள். அதன் மேல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அப்போதுதான் அணைந்தது.

மைக்கில் பேசுகிற பொத்தானை மனுஷனோ நாயோ அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச வழியில்லை. நிறுத்து என்று சொல்லக்கூட முடியாது. நேரில்தான் வர வேண்டும்.

"எதிலேர்ந்து கேட்டுச்சு?" என்றாள் லோர்னா.

"நீயே சொல்லு டர்னிப், அதுலேர்ந்து." டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உன்னை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். என் நாக்கை அறுத்துப் போட்டா என்ன."

"அதை விடு. கரையில ரேடியோ இருக்கா?"

டாட்டி அவளைத் தன் ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டாள். படகைக் கிளப்பினாள்.

கரையில் சவுக்கு மரத்தடியில் சீட்டாடும் மேஜையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஆடவில்லை. மரக்கிளையில் ரெஜானின் கைரேடியோ தொங்கியது. லோர்னாவைப் பார்த்ததும் எல்லாரும் ஏதோ வேலை வந்துவிட்டதுபோல எழுந்து போனார்கள். ரெஜான் மட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் அணைக்கப் போனேன். வெண்டல் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். இரு, என் பொண்டாட்டி பேசறா, கேக்கறேன்னு சொல்லிட்டான்." அவனும் நகர்ந்து போனான்.

வெண்டல் சீட்டுக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். லோர்னா எதிரில் உட்கார்ந்தாள். ரொட்டி மாவு அவள் விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கயிறை நீயா அறுத்தே?"

"ஆமா."

"புதுக் கயிறு அது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"டீசலை ஊத்தினது நீதான்னு நெசமாவே நம்பினேன் லோர்னா," என்றான் அவன். "சில நாள் எனக்கே சந்தேகம் வரும், தலையில ஏதோ சரியில்லைன்னு. அப்புறம், தப்பெல்லாம் அவதானே பண்றா, நமக்கு ஒண்ணுமில்லைன்னு தேத்திக்குவேன். எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சப்போ நானும் சேர்ந்து சிரிச்சேன்."

இது லோர்னா எதிர்பார்க்காதது. ஊரிடமிருந்து அவனைக் காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவனுக்கே அவனைத் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அந்த நினைப்பு அவளைப் போட்டு அறைந்தது. மன்னிச்சுக்கோ என்றாள். அவன் தலையை ஆட்டினான். சரி என்கிறானா இல்லை என்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தங்கள் ரப்பர் படகை நோக்கி நடந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல ரேடியோவில் துறைக் கூட்டம் கூடியது. அந்த வாரம் நடத்துகிறவன் ரெஜான். காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லி முடித்தான். அடுத்தது துறையை விட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்ல வேண்டிய நேரம். அவன் குரல் கொஞ்சம் தயங்கியது. "இன்னைக்குக் கிளம்பற படகு ஏதாவது இருக்கா?"

நாங்க வரலை, நீங்க போங்க என்று சொல்லிவிடலாம் என்று லோர்னா மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். வெண்டல் அதற்கு முன்னால் எடுத்துவிட்டான்.

"சில்வர் ஹெரான், வெண்டல் பேசறேன். நேத்து என் பொண்டாட்டி பேசினதை எல்லாரும் கேட்டீங்க. கேக்கலைன்னு பொய் சொல்லாதீங்க, உங்களை எனக்குத் தெரியும். அவ சொன்னது அத்தனையும் உண்மை. டேங்க்ல டீசல் ஊத்தினவன் நான். மணல்ல ஏத்தினவனும் நான். இனிமே யாராவது சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "இன்னைலேர்ந்து இந்தப் படகுக்கு லோர்னாதான் கேப்டன். நான் கயிறு இழுக்கிற ஆள். கையில இன்னும் பலம் இருக்கு, சொன்னா செய்வேன். மத்தியானம் நாங்க கிளம்பறோம். கூட வர்றவங்க வரலாம். பயமா இருந்தா வர வேண்டாம், அதுல கோவிச்சுக்க ஒண்ணுமில்லை."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். ரேடியோவில் சத்தமே இல்லை. பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத துறையில் ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. பேச வராதபோது மைக் பொத்தானை இரண்டு தரம் தட்டுவது கடலில் பழக்கம். கேட்டுக்கொண்டேன், சரி என்று அர்த்தம். இன்னொரு படகிலிருந்து டிக், டிக். வேறொன்றிலிருந்து, அடுத்து இன்னொன்றிலிருந்து. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ரேடியோ நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அது ஓய்ந்த பிறகுதான் டாட்டியின் குரல் வந்தது, மூக்கடைத்துக்கொண்டு.

"மாங்கோ டாங்கோ கூட வருது. கேப்டன் லோர்னா, உங்க பின்னாடி வரட்டுமா, முன்னாடி போகட்டுமா? நீங்களே சொல்லுங்க."

"நானும் வர்றேன்," என்றான் ரெஜான். "ஒரு கயிறு கொண்டு வர்றேன். அதை அறுக்காதீங்க."

வெண்டல் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "சொல்லுங்க கேப்டன். முதல்ல என்ன செய்யணும்?"

"டர்னிப்பைக் கரைக்குக் கூட்டிட்டுப் போ. அப்புறம் ஒண்ணுக்குப் போக அதுக்கு மண்ணு கிடைக்காது."

அவன் நாயைத் தூக்கிக்கொண்டு ரப்பர் படகில் இறங்கினான். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, அதோடு கிடந்த சிவப்புச் சுருள் கயிற்றைக் கையில் எடுத்தான். அதை மாட்டாவிட்டால் எஞ்சின் ஓடாது. அவன் ஆயிரம் தடவை மாட்டியிருக்கிறான். இப்போது அதையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தான். சுற்றிலும் படகுகள், தளங்களில் காபிக் கோப்பைகளோடு ஜனங்கள். தண்ணீரின் மேல் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வெண்டல் தலையை நிமிர்த்தினான். "லோர்னா, இதை எங்க மாட்டணும்?"

"எஞ்சினுக்கு முன்னால, சிவப்புப் பொத்தானுக்குக் கீழே," என்று லோர்னா குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள்.